வெண்குருதி கண்ட விர்ச்சோ

நுழையும்முன்

விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோயை அறிதல் இன்று சிற்றூர்களின் ஆய்வகங்களிலும் நாள்தோறும் நிகழும் பணியாகும். குருதியணுக்களைப் பார்த்தே புற்றுநோயை உணரலாம் என்னும் எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றுவதற்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் ருடால்ஃப் விர்ச்சோ. உயிரியல் பாடத்தில் செல் கொள்கையைப் படிக்கும்போது, ஷ்லெய்டன், ஷ்வான் ஆகியோரின் பெயர்களையடுத்து ஒரு வரியில் வந்துபோகும் பெயர் இது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

இளமை

இன்று போலந்து நாட்டில் உள்ள ஷ்விட்வின் என்னும் சிற்றூர் அக்காலத்தில் பிரஷ்ய அரசின் பொமரேனியா மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. ஷிவெல்பைன் என்பது அதன் அன்றைய பெயர். அங்கே 1821ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள் விர்ச்சோ பிறந்தார். தந்தை சிறு நிலக்கிழார். ஊர் நிருவாகத்தின் கருவூலப் பொறுப்பையும் வகித்தவர். குடும்பத்தின் ஒரே மகனுக்கு உயர்கல்வி அளிக்க விருப்பம் இருந்ததே தவிர, அதற்கான வளம் இல்லை. சமயப்பணியாளராக வேண்டும் என்று இளைஞர் முதலில் எண்ணினார். ஆயின், மேடையில் நின்று உரையாற்றும் அளவுக்குத் தம் குரலுக்கு வலிமை இல்லை எனக் கருதி அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் பல்லாண்டுகள் அரசை எதிர்த்து முழங்கப்போகிறவர், குரல் போதாது என்று கருதி மருத்துவத்துக்கு வந்தார் என்பதை எண்ணிப் புன்னகைக்கலாம்.

ஏழை மாணவர்களுக்கு இலவசமாக மருத்துவம் கற்பித்து, அதற்கு ஈடாகப் படைமருத்துவராகப் பணிபுரியச் செய்யும் நிறுவனம் ஒன்று பெர்லினில் இருந்தது. 1839இல் அதில் சேர்ந்தார் விர்ச்சோ. உடலியங்கியலில் அக்காலத்தின் பேராசான் எனப் போற்றப்பட்ட யோகன்னஸ் முல்லரிடம் பயின்றார். 1843இல் மருத்துவப் பட்டம் பெற்று, பெர்லினின் பெரும் மருத்துவமனையான சாரிட்டேயில் பணியில் அமர்ந்தார். அங்கே இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராயும் பொறுப்பாளரான ராபர்ட் ஃப்ரோரிப்பின் உதவியாளரானார். உருவத்தில் சிறியவராதலால் சின்ன மருத்துவர் என்று உடனிருந்தோர் அவரைச் செல்லமாக அழைத்தனர்.

சீழா, குருதியா?

1845ஆம் ஆண்டின் கோடையில் சாரிட்டேயில் பெண்ணொருவர் இறந்தார். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். சமையற்பணி செய்து வாழ்ந்தவர். கால்களும் வயிறும் வீங்கின. மூக்கிலிருந்து குருதி கசிந்தது. நாளுக்கு நாள் சோர்வு மிகுந்தது. மருந்து எதுவும் பயன்தரவில்லை. அவருடைய உடலைக் கூறாய்வு செய்யும் பொறுப்பு இருபத்து மூன்று வயதே ஆகியிருந்த விர்ச்சோவிடம் வந்தது.

உடலைத் திறந்தபோது மண்ணீரல் இயல்பினும் பன்மடங்கு பெருத்திருந்தது. குருதிக்குழாய்களில் இருந்தது செந்நிறக் குருதி அன்று. சீழ்போல மஞ்சள் கலந்த வெண்ணிறப் பொருள். அக்கால மருத்துவர் எவர் அதைக் கண்டாலும் குருதியில் சீழ் கலந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பர். அப்படி முடிவு கட்டுவதற்கு வலுவான கோட்பாடும் அப்போது இருந்தது. சிரைகளில் ஏற்படும் அழற்சியே எல்லா நோய்களுக்கும் அடிப்படை என்று பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற மருத்துவப் பேரறிஞர் க்ரூவெய்யே கற்பித்து வந்தார். அழற்சி இருப்பின் சீழ் இருக்கும். சீழ் இருப்பின் அழற்சி இருந்திருக்கும். கண்ணால் கண்டதும் கோட்பாடும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால் அதற்குமேல் ஆராய்வாரில்லை.

விர்ச்சோ சிரைகளின் சுவர்களைச் சோதித்தார். அழற்சியின் அடையாளம் எங்கும் இல்லை. உடலில் புண்ணோ கட்டியோ சீழ்வைத்த இடமோ காணப்படவில்லை. பிறகு அந்த வெண்ணிறப் பொருளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் இருந்தவை குருதியில் இயல்பாகவே காணப்படும் நிறமற்ற அணுக்கள். நாம் வெள்ளையணுக்கள் என்பவை. நலமுள்ள ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். வெள்ளையணுக்களோ நாலாயிரம் முதல் பதினோராயிரம் வரையே இருக்கும். இப்பெண்ணின் குருதியில் அந்த விகிதம் தலைகீழாகியிருந்தது. ஆதலின் வெளியிலிருந்து குருதிக்குள் எதுவும் வரவில்லை. குருதியே மாறிவிட்டது என்று அவர் உணர்ந்தார்.

அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்ட கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பு வெண்குருதி என்பதே. அழற்சி என்றோ நஞ்சு என்றோ காரணம் ஏற்றிச் சொல்லாமல், கண்டதை மட்டுமே பெயராக்கினார். காரணம் தெரியாதபோது காரணத்தைக் குறிக்கும் பெயரைச் சூட்டுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1847இல் அதே பொருளைக் கிரேக்க மொழியில் அமைத்து லுகேமியா என்னும் சொல்லை உருவாக்கினார். இன்று நாம் இரத்தப் புற்றுநோய் என்று குறிப்பிடும் நோய்த்தொகுதி உலகெங்கும் அப்பெயராலேயே வழங்குகிறது.

இவ்விடத்தில் மற்றொருவரையும் நினைவுகூர வேண்டும். விர்ச்சோவின் கட்டுரை வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜான் ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர் இதே நோயால் இறந்த இருபத்தெட்டு வயது இளைஞரைப் பற்றி எழுதியிருந்தார். அவரும் நுண்ணோக்கியில் அதே அணுக்களைக் கண்டவர்தாம். ஆயின் அவர் அவற்றைச் சீழ் என்று கொண்டார். முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு இருவருக்கும் இடையே நெடுங்காலம் நீடித்தது. கண்ட நாளைக் கொண்டு பார்த்தால் பென்னட்டே முந்தியவர். கண்டது இன்னதென்று அறிந்ததைக் கொண்டு பார்த்தால் விர்ச்சோவின் பக்கமே வலுவுடையது. ஒரே காட்சியை இரு கண்கள் காண்கின்றன. ஒன்று பழைய கோட்பாட்டைக் காண்கிறது. மற்றொன்று எதிரே இருப்பதைக் காண்கிறது.

அடுத்த ஆண்டே, 1846இல், இலண்டன் மருத்துவர் ஹென்றி ஃபுல்லர் உயிருடன் இருக்கும் நோயாளியின் குருதியை நுண்ணோக்கியில் பார்த்து இந்நோயைக் கண்டறிந்தார். பிணக்கூறாய்வு மேடையில் தொடங்கிய அறிவு ஓராண்டுக்குள் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்துவிட்டது.

மின்னணுக்கள் காட்டிய உலகம்

விர்ச்சோவின் நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை இருந்தது. ஒளியைக் கொண்டு பார்க்கும் வழக்கமான நுண்ணோக்கி எதுவும் ஒரு மில்லிமீட்டரின் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. ஒளியின் அலைநீளமே அதற்குத் தடை. அவர் வாழ்ந்த அதே பெர்லின் நகரில், அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1931இல், எர்ன்ஸ்ட் ருஸ்கா என்னும் இளம்பொறியாளரும் அவருடைய ஆசிரியர் மேக்ஸ் நோலும் ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியை அமைத்தனர். கண்ணாடி வில்லையின் இடத்தில் காந்தப்புலம் நின்றது. எர்ன்ஸ்டின் தம்பி ஹெல்மூட் ருஸ்கா மருத்துவர். இக்கருவியை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் அவர் காட்டிய முனைப்பு பெரிது. எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கு இதற்கான நோபல் பரிசு 1986இல்தான் கிடைத்தது.

குருதியணுவை இக்கருவியில் கண்டபோது, ஒளி நுண்ணோக்கியில் வெறும் சாயத்திட்டாகத் தெரிந்த உட்பகுதி தனித்தனி உறுப்புகளாக விரிந்தது. இதன் பயன் ஒன்றைக் கூறலாம். லுகேமியா என்பது ஒரே நோயன்று. எந்த வகை அணு கட்டுப்பாடின்றிப் பெருகுகிறதோ அதற்கேற்ப மருத்துவமும் மாறும். தட்டணுக்களை உண்டாக்கும் தாயணுக்களின் இளநிலையில் தோன்றும் ஒருவகை லுகேமியா, மற்ற வகைகளிலிருந்து பிரித்தறிய முடியாததாக நெடுநாள் இருந்தது. சாயமேற்றிப் பார்த்தால் அவ்வணுக்களுக்குத் தனி அடையாளம் எதுவும் தெரிவதில்லை. தட்டணுக்களுக்கே உரிய நொதி ஒன்று அவற்றினுள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. அச்சான்றின் துணையோடு 1985இல் அது லுகேமியாவின் தனி வகையாகப் பட்டியலில் இடம்பெற்றது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கான பொருளைப் பதப்படுத்தி, மிக மெல்லிய சீவல்களாக வெட்ட நாள்கள் ஆகும், செலவும் மிகுதி. ஆதலால் இன்று அணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை ஒளிரச்செய்து எண்ணும் கருவிகள் அப்பணியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன. எனினும், அந்தப் புரதங்கள் எந்த அணுவுக்குரியவை என்பதை உறுதிசெய்ததில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் பங்குண்டு.

சைலீசியப் பயணம்

1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய அரசின் ஆட்சிக்குட்பட்ட மேல் சைலீசியாவில் பஞ்சமும் டைபஸ் காய்ச்சலும் மக்களை வாட்டின. செய்தி வெளியே கசிந்து அரசுக்கு அவப்பெயர் வந்ததால் ஆய்வுக்குழு ஒன்று அனுப்பப்பட்டது. அதில் விர்ச்சோவும் சென்றார். அங்கே அவர் தங்கியது மூன்று வாரங்களுக்கும் குறைவே. அந்த நாள்கள் அவரை முற்றிலும் மாற்றிவிட்டன.

அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் போலிய மொழி பேசிய ஏழை உழவர்கள். உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்துவிட்டது. ஒரே அறைக்குள் பல உயிர்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் அவர்கள் அறியாத ஜெர்மன் மொழி. மருந்துகளின் பட்டியலோடு திரும்பி வருவார் என்று அரசு எதிர்பார்த்தது. விர்ச்சோ எழுதிய அறிக்கையோ வேறு வகையில் அமைந்தது. அம்மக்களுக்குத் தாய்மொழியில் கல்வி வேண்டும். தம்மைத் தாமே ஆளும் உரிமை வேண்டும். வரிச்சுமை ஏழையின் தோளிலிருந்து செல்வரின் தோளுக்கு மாறவேண்டும். சாலையும் வேளாண்மையும் சீர்பெறவேண்டும். இவை இல்லாதவரை நோய் மீண்டும் வரும் என்று அவர் வாதிட்டார். டைபஸ் காய்ச்சல் பேன்களால் பரவுகிறது என்ற உண்மை அப்போது எவருக்கும் தெரியாது. அது தெரியாமலேயே நெருக்கடியும் வறுமையும் நோயின் விளைநிலம் என்பதை அவர் சரியாகக் கண்டார்.

அவர் பெர்லின் திரும்பிய சில நாள்களில், மார்ச்சு 18 அன்று, அங்கே புரட்சி வெடித்தது. தெருத்தடுப்பு அமைத்துப் போராடியவர்களோடு விர்ச்சோவும் நின்றார். பின்னர் மருத்துவச் சீர்திருத்தம் என்னும் பெயரில் வார இதழ் ஒன்றைத் தொடங்கி, மக்கள் நலம் அரசின் கடமை என்று ஓராண்டுக் காலம் எழுதினார். புரட்சி ஒடுக்கப்பட்டது. 1849இல் அரசு அவருடைய பணியில் கைவைத்தது. மருத்துவமனை வளாகத்தில் தங்கும் உரிமையையும் பறித்தது. தெற்கே பவேரியாவைச் சேர்ந்த வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அரசியலில் ஈடுபடுவதில்லை என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டே அழைத்தது.

செல்லும் அதன் மரபும்

வூர்ட்ஸ்பர்க்கில் கழித்த ஏழு ஆண்டுகளே அவருடைய அறிவியல் வாழ்வின் விளைச்சற்காலம். 1850இல் பெர்லின் மருத்துவர் ஒருவரின் மகளான ரோசா மேயரை மணந்தார். வாக்களித்தபடி அரசியலை ஒதுக்கி, நாள் முழுவதும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார்.

உயிரினங்கள் யாவும் செல்களால் ஆனவை என்று ஷ்வான் 1839இல் நிறுவியிருந்தார். ஆனால் புதிய செல் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு, உருவமற்ற நீர்மத்திலிருந்து படிகம்போலத் திரண்டு தோன்றுகிறது என்பதே அவருடைய விடை. விர்ச்சோவும் தொடக்கத்தில் அதையே நம்பினார். இந்நம்பிக்கை வெறும் ஏட்டுச் சிக்கலன்று. புற்றுநோயின் தோற்றத்தையே அது மறைத்தது. கட்டி என்பது குருதியிலிருந்து கசிந்த கெட்ட நீர்மம் திரண்டு உண்டானது என்றால், அது உடலுக்குப் புறம்பானது. எங்கிருந்து தொடங்கியது என்று தேடுவதில் பொருளில்லை.

தாய்ச்செல் பிரிந்தே புதுச்செல் உண்டாகிறது என்று ராபர்ட் ரெமாக் என்னும் அறிஞர் 1852இல் எழுதினார். விர்ச்சோ தம் ஆய்வுகளில் அதன் உண்மையைக் கண்டு, 1855இல் ஒவ்வொரு செல்லும் முன்பிருந்த செல்லிலிருந்தே பிறக்கிறது என்னும் கருத்தை முழக்கம்போல் நிலைநிறுத்தினார். ரெமாக்கின் பங்கை அவர் போதிய அளவு குறிப்பிடவில்லை. ரெமாக் யூதர், மதம் மாற மறுத்ததால் முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை அவருக்குக் கிட்டவில்லை. புகழ் விர்ச்சோவின் பெயரில் நிலைத்துவிட்டது. இதில் விர்ச்சோவின் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்வதற்கில்லை.

1856இல் பெர்லின் அவரைத் திரும்ப அழைத்தது. புதிய ஆய்வுக்கூடத்தைக் கட்டித்தந்தாலன்றி வரமாட்டேன் என்று விர்ச்சோ விதித்த நிபந்தனையையும் அரசு ஏற்றது. 1858இன் தொடக்கத்தில் மருத்துவர்களுக்கு அவர் ஆற்றிய இருபது சொற்பொழிவுகள் செல் நோயியல் என்னும் நூலாக வெளிவந்தன. நோய் என்பது உடலுக்குள் புகுந்து குடியேறிய ஏதோ ஒரு பொருளன்று. உடலின் செல்களே மாறிய நிலையில் வாழும் வாழ்க்கை என்பது அந்நூலின் உயிர்க்கருத்து. புற்றுச்செல்லுக்கும் தாய்ச்செல் உண்டு. அது நம் உடலிலேயே பிறந்தது. அப்படியானால் அதை அது பிறக்கும் இடத்திலேயே, சிறிதாக இருக்கும்போதே காணமுடியும். புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டறிதல் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடித்தளமாயிற்று.

அவர் சொன்னவை அனைத்தும் சரியாகிவிடவில்லை. புற்றுக்கட்டிகள் இணைப்புத்திசுவிலிருந்து தோன்றுகின்றன என்று அவர் கருதினார். தோலையும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் புறத்திசுவிலிருந்தே பெரும்பாலானவை தோன்றுகின்றன என்று தியர்ஷ், வால்டேயர் ஆகியோர் மெய்ப்பித்தனர். நீடித்த உறுத்தலே புற்றுநோய்க்குக் காரணம் என்னும் அவருடைய மற்றொரு கருத்துக்கு ஆதரவு தொலைவிலிருந்து வந்தது. பெர்லினில் அவரிடம் பயின்ற ஜப்பானியர் யமகிவா, இச்சிகாவாவுடன் சேர்ந்து முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசி, 1915இல் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார். அதைக் காண ஆசிரியர் உயிருடன் இல்லை.

நகரமும் நாடாளுமன்றமும்

பெர்லினுக்குத் திரும்பியவர் அரசியலுக்கும் திரும்பினார். 1859இல் நகர்மன்ற உறுப்பினரானார். இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்நாளில் பெர்லினின் கழிவுநீர் தெருவோரத் திறந்த சாக்கடைகளில் ஓடியது. பொறியாளர் ஹோப்ரெக்ட் வகுத்த திட்டத்துக்கு விர்ச்சோ மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றுத்தந்தார். 1873இல் வேலை தொடங்கியது. நிலத்தடிக் குழாய்களின் வழியே கழிவுநீர் நகருக்கு வெளியே உள்ள வயல்களுக்குச் சென்றது. நகரத்தின் பணத்தில் நகரமக்களுக்கென்றே கட்டப்பட்ட முதல் மருத்துவமனை 1874இல் திறக்கப்பட்டதிலும் அவருடைய உழைப்பு உண்டு. பன்றியிறைச்சியில் உள்ள புழுக்களை நுண்ணோக்கி கொண்டு சோதித்த பிறகே விற்கவேண்டும் என்று போராடி வென்றவர்களுள் அவரும் ஒருவர்.

பிரஷ்யச் சட்டமன்றத்தில் அவர் முதலமைச்சர் பிஸ்மார்க்கின் ஓயாத எதிர்ப்பாளர். படைச்செலவு பற்றிய விவாதத்தில் மனம் புண்பட்ட பிஸ்மார்க் 1865இல் அவரை இருவர்ப் போருக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். ஆயுதமாகப் புழு நிறைந்த இறைச்சியை அவர் தேர்ந்தெடுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. சுவையான கதைதான்; சான்றில்லை.

பட்டத்து இளவரசரின் குரல்வளை

விர்ச்சோவின் வாழ்வில் மிகக் கடுமையான சோதனை அவருடைய அறுபத்தாறாம் வயதில் வந்தது. 1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்கின் குரல் கம்மியது. இடப்பக்கக் குரல்நாணில் சிறு வளர்ச்சி தென்பட்டது. மின்சூட்டுக் கம்பியால் அதைத் தீய்த்தும் அது மீண்டும் வளர்ந்தது. புற்றுநோய் என ஐயுற்ற அறுவை மருத்துவர் பெர்க்மன், குரல்வளையைத் திறந்து அதை அகற்றவேண்டும் என்றார். குரல் போகலாம், அக்கால நிலையில் உயிரும் போகலாம். அதற்குமுன் இலண்டனிலிருந்து தொண்டை மருத்துவத்தில் பெயர்பெற்ற மொரெல் மெக்கன்சி வரவழைக்கப்பட்டார். புற்றுநோய் என்பதற்குத் திசுச்சான்று இல்லாமல் கத்தியை எடுக்கக்கூடாது என்று அவர் உறுதியாகக் கூறினார். வாய்வழியே இடுக்கியைச் செலுத்தி வளர்ச்சியின் ஒரு சிறு துண்டைக் கிள்ளி எடுத்தார். அது விர்ச்சோவிடம் அனுப்பப்பட்டது.

ஓர் அரசின் வருங்காலம் அத்துண்டில் அடங்கியிருந்தது என்பது மிகையன்று. ஃபிரெடரிக் தாராளக் கொள்கையினர். பிஸ்மார்க்கின் கடும்போக்கை விரும்பாதவர். விர்ச்சோ வாழ்நாளெல்லாம் வேண்டி நின்ற அரசியலுக்கு அணுக்கமானவர். ஆய்வாளரின் உள்ளம் எதை விரும்பியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். அறிக்கையில் அவ்விருப்பத்தின் நிழல் இல்லை. துண்டில் புற்றுநோயின் அடையாளம் இல்லை என்று விர்ச்சோ எழுதினார். அடுத்தடுத்து மேலும் துண்டுகள் வந்தன. ஜூன் மாதத்தில் வந்த சற்றே பெரிய துண்டிலும் மேல்தோல் தடித்த மாற்றத்தைத் தவிர வேறெதையும் அவர் காணவில்லை. அறிக்கையின் முடிவில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தார். எடுக்கப்பட்ட துண்டைக் கொண்டு உள்ளே எஞ்சியிருக்கும் பகுதி எத்தகையது என்று உறுதியாகக் கூற இயலாது என்பதே அது.

அறிக்கையின் முற்பகுதியை எல்லாரும் படித்தனர். கடைசி வரியைப் படித்து நின்றவர் மிகச் சிலர். அறுவை கைவிடப்பட்டது. இளவரசர் இலண்டன் சென்று தம் மாமியார் விக்டோரியா அரசியின் பொன்விழாவில் கலந்துகொண்டார். நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோ நகரில் தங்கியிருந்தபோது, குரல்வளையில் புதிய வளர்ச்சி தோன்றியது. புற்றுநோய் என்பதில் மருத்துவர்களுக்கு ஐயம் எழவில்லை. 1888 பிப்ரவரியில் மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தினர். மார்ச்சில் வால்டேயர் அவருடைய கோழையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து புற்றணுக்களைக் கண்டார். அதே மாதத்தில் தந்தை இறக்க, பேச்சிழந்த நிலையில் ஃபிரெடரிக் பேரரசரானார். 99 நாள்கள் ஆண்டார். எழுதிக் காட்டியே கட்டளையிட்டார். ஜூன் 15 அன்று உயிர் நீத்தார். அவருடைய உடலைக் கூறாய்வு செய்தவர்களுள் விர்ச்சோவும் ஒருவர். குரல்வளையைப் புற்றுநோய் முழுமையாக அழித்திருந்தது.

ஜெர்மானிய மருத்துவர்களும் ஆங்கில மருத்துவரும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டிப் புத்தகம் எழுதினர். அரியணை ஏறிய மகன் இரண்டாம் வில்லியம் நாட்டை எவ்வழியில் செலுத்தினார் என்பதை வரலாற்றுப் பாடம் கூறும். விர்ச்சோ பிழை செய்தாரா என்று மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேலாக விவாதித்து வருகிறது. அவர் பெற்ற துண்டுகள் கட்டியின் மேற்பரப்பிலிருந்து கிள்ளப்பட்டவை. நோய் ஆழத்தில் இருந்திருக்கலாம். மெக்கன்சி முழு வளர்ச்சியைப் பற்றிக் கேட்டார். விர்ச்சோவிடம் இருந்தது துண்டு மட்டுமே. அவர் துண்டைப் பற்றியே விடை கூறினார். அன்று திசுத்துண்டாய்வு இன்னும் நடைமுறையில் நிலைபெறாத முறை. இன்றைய மருத்துவர் ஆழத்திலிருந்தும் பல இடங்களிலிருந்தும் துண்டெடுப்பதும், அறிக்கை நோயாளியின் நிலையோடு ஒத்துவராவிட்டால் மறுபடி எடுப்பதும் இத்தகைய துயரங்களிலிருந்து கற்றவை.

முதுமை

அவருடைய பிடிவாதங்களும் பெரியவை. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற கொள்கையை அவர் முழுமனத்தோடு ஏற்கத் தயங்கினார். ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த தொல்மாந்தரின் மண்டையோட்டை நோயால் உருக்குலைந்த ஒருவருடையது என்று தவறாக முடிவு செய்தார். மறுபுறம், அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் முடி, கண் நிறங்களைத் தொகுத்து, தூய ஜெர்மானிய இனம், தூய யூத இனம் என்று எதுவும் இல்லை என 1886இல் காட்டினார். யூத வெறுப்பு வளர்ந்துவந்த காலத்தில் எண்களைக் கொண்டு அதற்கு மறுப்பு எழுதியவர் அவர். இனவெறியர் அவ்வெண்களைப் படித்தும் மாறவில்லை என்பது பின்னாளைய வரலாறு.

எழுபத்தேழாம் வயதில், 1899இல், தாம் வாழ்நாளெல்லாம் திரட்டிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பு மாதிரிகளைக் கொண்டு நோயியல் காட்சியகத்தைச் சாரிட்டே வளாகத்தில் திறந்தார். அதில் ஒரு பகுதியைப் பொதுமக்கள் வந்து பார்ப்பதற்கென்றே ஒதுக்கினார். நோயை மருத்துவர் மட்டும் அறிந்திருந்தால் போதாது என்பது சைலீசிய நாள்களிலிருந்து அவர் கொண்டிருந்த எண்ணம்.

1902ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பெர்லின் தெருவொன்றில் ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியிலிருந்து குதித்து இறங்கியபோது விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது எண்பது. எலும்பு ஒருவாறு கூடியது, உடல் தேறவில்லை. செப்டம்பர் 5 அன்று காலமானார். அவர் திரட்டிய மாதிரிகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தன. எஞ்சியவற்றைச் சாரிட்டேயின் மருத்துவ வரலாற்றுக் காட்சியகத்தில், அவர் கட்டிய அதே கட்டடத்தில், இன்றும் காணலாம்.